சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள்

என் மாமனார் என்னோடு முதன்முதலாகப் பேசியபோது எனக்குக் கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்போதும் நான் யாரென்று தெரியாமல்தான் பேசினார்.

இதைச் சொன்னால், அதுவரை உங்களுக்குள் சண்டையா என்று கேட்கிறார்கள். சண்டை ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மருமகள் மாமனார் முன்னால் வந்து நிற்க மாட்டாள். அவரும் தொண்டையைச் செருமாமல் அடுப்படிப் பக்கம் திரும்ப மாட்டார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்வார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டிருந்தாலும் அத்தை வந்து ஒரு தடவை திருப்பிச் சொல்வார். அது மரியாதை. யாருக்கும் அதில் குறை இருந்ததில்லை.

கீழக்குயில்குடியில் மலைக்கு இந்தப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. அத்தை இறந்த பிறகும் அவர் அங்கேயே தனியாக இருந்துகொண்டார். என் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. நாங்கள் தல்லாகுளத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மட்டும் பஸ் பிடித்துப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவார். முதலில் சின்னச் சின்னதாகத்தான் சேதி வந்தது. சாப்பிட்ட பிறகு சாப்பாடு வரவில்லை என்கிறார், செத்துப்போன மாட்டைத் தேடுகிறார் என்று. பிறகு ஒரு நாள் கிணற்று மோட்டாரைப் போட்டு, பக்கத்து நிலத்துக்காரர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, தன் வயல் காய்கிறதே என்று வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அந்த நிலத்துக்காரரே அவரைக் கையோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டார்.

டாக்டரிடம் காட்டினோம். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், வயசு என்று ஒரு சொல் சொன்னார். இன்றைக்கு அதற்குப் பெயர் உண்டு, பேப்பரில் எழுதுகிறார்கள். எங்களிடம் அன்று இருந்தது மறதி என்ற வார்த்தை மட்டும்தான். சாவியை எங்கே வைத்தேன் என்பதற்கும் அதே வார்த்தை, இதற்கும் அதே வார்த்தை.

பகலெல்லாம் அவர் சாதுவாக இருப்பார். கொடுத்ததைச் சாப்பிடுவார், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். வெயில் தாழ்ந்து சுவரில் மஞ்சள் ஏறினால் போதும், எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "நேரமாச்சு. அப்ப நான் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று யாரிடமென்று இல்லாமல் பொதுவாகச் சொல்வார். என் கணவர் குறுக்கே நின்று, இதுதாம்ப்பா வீடு, நான்தாம்ப்பா உங்க மகன் என்பார். பேண்ட் போட்டு, சட்டைப் பையில் பேனா குத்தியிருந்த அந்த ஆளை அவர் பணிவாக நிமிர்ந்து பார்ப்பார். "இல்லீங்க சார். எம்மகன் சின்னப் பையன். தேடுவான்" என்பார்.

ஊர் ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்கே கூட்டிப் போனோம். தன் வீட்டுக்குள் விருந்தாளியைப் போல நுழைந்தார். கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். சுவரில் இருந்த அத்தையின் போட்டோவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மலையின் நிழல் குளத்தைத் தாண்டி வந்தபோது எழுந்து எங்களைக் கும்பிட்டார். நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்றார். என் கணவர் பின்பக்கம் மாட்டுக்கொட்டத்துக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு, கண் சிவந்து திரும்பி வந்தார். அவர் தேடிய வீடு ஊரிலும் இல்லை என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்தச் சாயங்காலம். கணவர் ஆபீஸிலிருந்து வரவில்லை. நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் மாமனார் தெருவில் போய்க்கொண்டிருக்கிறார். ஈரக் கையோடு பின்னால் ஓடினேன். ஓடி என்ன செய்வது? கூப்பிட்டதே இல்லை. மாமா என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. அவர் நடக்க நடக்க நானும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே நடந்தேன். தெருமுனையில் அவர் நின்று திரும்பினார்.

"நீ எந்தப் பக்கம் தாயி போற?"

முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்து, இப்படித்தான் என்றேன்.

"அப்ப சேந்தே போவோம். பொழுது சாயுது. பொம்பளப்பிள்ள தனியாப் போகக் கூடாது."

அப்படியாக அவர் எனக்குத் துணைக்கு வந்தார். கோர்ட் மதிலோரமாக நடந்தோம். உள்ளே மரங்களில் கிளிகள் அடைந்துகொண்டு ஒரே இரைச்சல். ரோட்டில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு ஆபீஸிலிருந்து திரும்பின. பெருமாள் கோயில் பக்கம் வந்தபோது பூக்காரிகள் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். புழுதியும் பூவும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்கே வந்தாலும் என் கால் தானாக நிதானமாகிவிடும். தூரத்தில் யானைமலை மேற்கு வெயில் பட்டு இளஞ்சிவப்பாகப் படுத்திருந்தது. ரோட்டுக் குழாய் விளக்குகள் சிமிட்டிச் சிமிட்டி எரிய ஆரம்பித்தன. அவர் எதையும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இரண்டடி, ஒரு பழைய கனவுக்குள் வழி தெரிந்தவர் போல நடந்தார். சுற்றிக்கொண்டு மறுபக்கமாக எங்கள் தெருவுக்கே வந்தோம். கேட்டைப் பார்த்து, இது யார் வீடு என்று கேட்டார்.

"எங்க வீடுதான். உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

வந்தார். காப்பி குடித்தார். வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து தினமும் போனோம். தினமும் என்னை எந்த ஊர் என்று கேட்பார். சோழவந்தான் என்பேன். சோழவந்தானிலிருந்துதான் என் மகனுக்குப் பெண் எடுத்திருக்கிறது என்பார். சில நாள் மகன் சின்னப் பையன், சில நாள் கல்யாணமானவன். அவருக்கு இரண்டும் இடிக்கவில்லை. ஒரு நாள் தைரியம் வந்து, மருமகள் எப்படி, நல்ல பிள்ளையா என்று கேட்டேன்.

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். "எனக்கு என்னா தெரியும் தாயி. நான் பேசுனதில்லையே" என்றார். பிறகு, "காப்பி நேரத்துக்கு வரும். கதவுக்கு அந்தப் பக்கம் வளவிச் சத்தம் கேக்கும். நிக்குதுன்னு தெரியும்" என்றார்.

நான் என் கை வளையல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வீடு தள்ளி அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் குடியிருந்தார்கள். மகள் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகவில்லை. என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயரானவர். கரை போட்ட வெள்ளைப் புடவை, எந்நேரமும் கையில் ஒரு குடை. அந்த அம்மாவும் சாயங்காலமானால் குடையை எடுத்துக்கொண்டு கேட்டில் வந்து நிற்க ஆரம்பித்தார். எங்க அம்மா தேடுவாங்க, நான் வீட்டுக்குப் போகணும் என்பார். எழுபது வயசுக்கு மேல். மகள் வேலை முடிந்து வந்த களைப்போடு தினமும் அவரோடு மல்லுக்கட்டுவாள். ஒரு நாள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, அம்மா தன்னை வேலைக்காரப் பெண் என்று நினைத்து வெளியே போகச் சொல்லிவிட்டதாகச் சொல்லி அழுதாள்.

நாளைக்கு எங்களோடு வா, அவங்களையும் கூட்டிக்கிட்டு வா என்றேன்.

மறுநாள் தெருவில் இரண்டு பேரும் எதிரெதிராக வந்தார்கள். அந்த அம்மா குடையை ஊன்றி நின்று, என் மாமனாரை ஏற இறங்கப் பார்த்து, உங்க பையன் எந்த வகுப்பு என்று கேட்டார். மாமனார் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சாப்புங்க டீச்சரம்மா."

"வீட்டில பாடம் படிக்கிறானா?"

"எங்கிட்டுப் படிக்கிறான். மாடு பத்திக்கிட்டுப் போயிடுறான்."

"இனிமே அனுப்பாதீங்க."

சரிங்க என்று தலையாட்டினார். இதை என் கணவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். உண்மையில் அஞ்சாம் வகுப்போடு தான் மாட்டுக்குப் போவது நின்றுவிட்டது என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அதன்பின் நாலு பேராக நடந்தோம். அவர்கள் இருவரும் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். இருட்டப் போகிறது, டீச்சரம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவர் சொல்வார். பெரியவர் தடுமாறி நடக்கிறார், அவரை விட்டுவிட்டு நான் போகிறேன் என்று அந்த அம்மா சொல்வார். ஊரிலிருந்த காலத்தில் என் மாமனார் ஒரு டீச்சரோடு சமமாக நடந்திருக்க மாட்டார். அந்த அம்மாவும் முகம் தெரியாத ஆண்பிள்ளையோடு ரோட்டில் பேசியிருக்க மாட்டார். அந்த அம்மாவுக்கு எழுத்து எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. வழியில் இருக்கிற கடைப் பலகை, சுவர் விளம்பரம், தேர்தலுக்கு எழுதி அழியாத சின்னம், ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவார். எழுதப் படிக்கத் தெரியாத என் மாமனார் அதையெல்லாம் ஊர்ச் சேதி மாதிரி உம் கொட்டிக் கேட்பார். பின்னால் எங்களுக்கு ஆபீஸ் கதை, வீட்டுக் கதை. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கும் அவளுக்கும் ஒரு நாளில் காற்றுப் பட்ட நேரம்.

அந்தத் தெருவே அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. ரிட்டயரானவர்கள் கட்டிய வீடுகள்தான் முக்கால்வாசி. அவர்களைப் பெற்றவர்களைக் காய்ச்சலும் காலராவும் இந்த வயசு வரைக்கும் விட்டுவைத்ததில்லை. இவர்கள் பிழைத்துக் கிடந்தார்கள், எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூலை வீட்டில் ஓவர்சியராக இருந்தவர் மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் பகலிலும் உள்பக்கம் பூட்டியிருந்தது. யாரும் வெளியே பேச மாட்டார்கள். பெண் எடுக்க வருகிறவர்கள் பைத்தியம் இருக்கிற குடும்பம் என்று நினைத்துவிடுவார்களே என்று பயம்.

ஒரு மத்தியானம் நான் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. ஓடிப்போய் டீச்சரம்மா வீட்டைப் பார்த்தால் அங்கேயும் கேட் திறந்திருந்தது. பகலில் அந்த அம்மாவுக்குத் துணைக்கு இருந்த வேலைக்காரம்மா திண்டாடிக்கொண்டு நின்றாள். குடையைக் காணவில்லை. கலெக்டர் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் ஆள் அனுப்பினோம். டைப்பிஸ்டும் நானும் கோயில், மைதானம், ஆஸ்பத்திரி வாசல் என்று அலைந்தோம். என் கணவர் சைக்கிளில் ஆற்றுப் பக்கம் போனார். கடைசியில் கோரிப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் பழம் விற்கிறவள் சொன்னாள்.

"குடை வச்சிருந்த அம்மாவா? வாடிப்பட்டின்னு போர்டப் படிச்சுச்சு. அந்தப் பெரியவரு கையப் பிடிச்சு ஏத்திவிட்டு அவரும் ஏறிட்டாரே."

அம்மா முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது வாடிப்பட்டியில்தான் என்று டைப்பிஸ்ட் சொன்னாள். என் கணவர் சைக்கிளை எங்களிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றோம். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. வெயில் இறங்கியது. இந்நேரத்துக்கு இரண்டு பேருமே கிளம்பி நிற்பார்கள், எங்கே கிளம்புவார்களோ என்று நினைத்துக்கொண்டே வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் பார்த்தேன்.

அவர்கள் இரண்டு பேரும் ஏறிப் போன பஸ்ஸே திரும்பி வந்தது. ஜன்னலோரம் அந்த அம்மா, பக்கத்தில் மடியில் குடையோடு என் மாமனார். இருவர் முகத்திலும் காற்றில் வந்த தெளிவு. கண்டக்டர் முதலில் இறங்கிக் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

"வாடிப்பட்டியில இறங்கி டீ வாங்கிக் கொடுத்தேன்க்கா. அந்தம்மா இவர விட வந்தேங்குது. இவரு அந்தம்மாவ விட வந்தேங்குறாரு. யார எங்க விடுறதுன்னு எனக்குப் புரியல. அதான் ஏறுன இடத்துக்கே கொண்டாந்துட்டேன்."

என் கணவர் வாடிப்பட்டியில் தேடிவிட்டுப் பொழுது இருட்டித்தான் திரும்பினார். வாசலில் அப்பா உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். வாங்க சார், உக்காருங்க என்றார் மாமனார்.

சேதி எப்படியோ தூத்துக்குடிக்குப் போய், அங்கே இருந்த டைப்பிஸ்டின் அண்ணன் வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்து வளர்ந்த அம்மா, சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவர், ஊர் மரியாதை உள்ளவர். யாரோ ஒரு ஆளோடு பஸ் ஏறிப் போனார் என்று நாலு பேர் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. கேட்டுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டு, இனி அம்மா வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் நானும் மாமனாரும் அந்த வழியாகப் போனோம். அந்த அம்மா குடையோடு கேட்டுக்கு உள்ளே நின்றார். மாமனார் நின்றார்.

"டீச்சரம்மா, நேரமாச்சுல்ல. வாங்க, போவோம்."

"சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரியலீங்க."

"அப்ப நிக்கிறேன். நீங்க வாங்க."

அவர் நின்றார். அந்த அம்மாவும் நின்றார். கம்பிகளின் நிழல் வெள்ளைப் புடவையில் நீண்டு, பிறகு மங்கி இல்லாமல் போனது. நான் எத்தனை கூப்பிட்டும் மாமனார் நகரவில்லை. அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒரு நாள் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து பூட்டைத் திறந்தாள். அண்ணன் என்ன சொல்வாரோ என்றேன்.

"அண்ணன் தூத்துக்குடியில இருக்கார்க்கா. சாயங்காலம் இங்கதான வருது" என்றாள்.

அன்றிலிருந்து என் கணவரும் எங்களோடு நடக்க வந்தார். நான்தாம்ப்பா உங்க மகன் என்பதை விட்டுவிட்டார். அதை விடுவதற்கு அவர் என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். சார் என்று அப்பா கூப்பிட்டால், சொல்லுங்கய்யா என்பார். அப்பாவும் அந்தச் சாரிடம் மழையைப் பற்றி, கிணற்றைப் பற்றி, பையன் படிப்பைப் பற்றியெல்லாம் பேசினார். பையனுக்குச் சட்டை எடுக்க முடியாமல் போன தீபாவளியைச் சொல்லி வருத்தப்பட்டார். எனக்கு ஒன்றும் நினைப்பில்லையே என்று என் கணவர் என்னிடம் சொன்னார், அப்பா இம்புட்டு நாளும் அதை மனசில் வைத்திருந்திருக்கிறார் என்று.

ஒரு மார்கழியில் அந்த அம்மாவுக்குச் சளி பிடித்தது. ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். சர்ச்சிலிருந்து வண்டி வந்தபோது மாமனார் தெருவில் மற்றவர்களோடு நின்றார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், வண்டியில் போவது யாரென்று தெரியாமலே. மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல அந்தக் கேட்டில் போய் நின்று, டீச்சரம்மா வரலையா என்று கேட்டார். அழுது வீங்கிய முகத்தோடு மகள் வெளியே வந்தாள்.

"இல்லங்கய்யா. இன்னைக்கு நான் வாரேன்" என்றாள்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நடந்தாள். கடைப் பலகைகளைப் படித்துச் சொல்லவும் செய்தாள். கொஞ்ச நேரம் குரல் உடைந்தது, பிறகு சரியாகிவிட்டது.

அடுத்த வருஷம் குளியலறையில் விழுந்து மாமனாருக்கு இடுப்பு ஒடிந்தது. கட்டில்தான் என்றானது. வெயில் தாழும்போது மட்டும் கால்கள் போர்வைக்குள் லேசாக அசையும். அந்த நேரத்தில் என் கணவர் ஆபீஸிலிருந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் கட்டில் பக்கத்தில் உட்காருவார். நான் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பதில்லை. உள்ளே போய்க் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வேன்.

"பொழுது போச்சே சார். நீங்க வீட்டுக்குப் போகலையா?" என்று ஒரு நாள் அவர் கேட்டார்.

"போகணும்யா. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

"இருங்க. அவசரமில்ல" என்றார்.

ஆடியில், காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் அவர் இறந்தார். கீழக்குயில்குடிக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பி, வீடு கழுவிவிட்ட நாளன்று டைப்பிஸ்ட் ஆபீஸிலிருந்து நேராக என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். மூலை வீட்டு ஓவர்சியரின் மருமகள் தன்னை வழியில் நிறுத்தி, சாயங்காலம் நீங்கள் நடந்து போவீர்களே, எங்க மாமாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டதாகச் சொன்னாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். நாளைக்கு வரச் சொன்னேன்க்கா என்றாள்.